தொடையில் வளர்ந்த பழுப்புக் கொழுப்புக் கட்டி: ஒரு மென்திசுக் கட்டிப் பிரிவின் சேவை குறித்து

என் தம்பியின் வலது தொடையில் இருந்த கட்டிக்காகச் சென்னையில் உள்ள ஒரு பெரிய மருத்துவமனையின் மென்திசுக் கட்டிப் பிரிவுக்குச் சென்ற ஆண்டு ஆடி மாதம் தொடங்கிக் கார்த்திகை வரை ஏழு முறை போய் வந்தோம். அந்தப் பிரிவின் சேவையைப் பற்றிய என் மதிப்பீடு இது. நிறைகளோடு சில குறைகளையும் எழுத வேண்டியிருப்பதால் மருத்துவமனையின் பெயரைத் தவிர்த்திருக்கிறேன். அவர்கள் எதை முதலில் செய்தார்கள், எதைச் செய்ய மறுத்தார்கள், அறுவைக்கு முன் எதற்காகக் காத்திருந்தார்கள் என்பதைத்தான் விரிவாக எழுத விரும்புகிறேன். அந்த வரிசையை எந்த ஊர் மருத்துவமனையிலும் கேட்டுப் பெறலாம்.

தம்பிக்கு 36 வயது. தஞ்சாவூரில் வீடுகளுக்கு ஒயரிங் வேலை செய்கிறான். தொடையின் உட்புறத்தில் ஏதோ தட்டுப்படுவதாக மூன்று ஆண்டுகளுக்கு முன்பே சொல்லியிருக்கிறான். வலி இல்லாததால் அவனும் நாங்களும் அதைப் பொருட்படுத்தவில்லை. என் மகளின் திருமணத்துக்குத் துணி தைக்கக் கொடுத்தபோது, அளவெடுத்த தையல்காரர்தான் ஒரு தொடை மற்றதைவிட இரண்டு அங்குலம் பருத்திருப்பதைக் கவனித்துச் சொன்னார். தொட்டுப் பார்த்தால் கட்டி மெத்தென்று இருந்தது, சற்றே அசைந்தது, அதன் மேலிருந்த தோல் மற்ற இடங்களைவிட இளஞ்சூடாக இருந்தது. அந்தச் சூட்டுக்கு ஒரு காரணம் இருந்தது என்பது பின்னால்தான் தெரிந்தது.

எங்கள் பகுதியில் உள்ள ஓர் அறுவைச் சிகிச்சை மையத்தில் ‘ஊசி டெஸ்ட்’ எடுத்தார்கள். கொழுப்புச் செல்கள் இருப்பதாக முடிவு வந்தது. சாதாரணக் கொழுப்புக்கட்டிதான், மரத்துப்போகும் ஊசி போட்டு ஒரு மணி நேரத்தில் எடுத்துவிடலாம் என்று சொல்லி அடுத்த வியாழக்கிழமைக்கு நாளும் குறித்துக் கொடுத்தார்கள். ஸ்கேன் எதுவும் எடுக்கச் சொல்லவில்லை. செவிலியராகப் பணிபுரியும் எங்கள் அத்தை மகள் இதைக் கேட்டவுடன் இரண்டே கேள்விகள் கேட்டாள்: கட்டி எவ்வளவு பெரியது, தோலுக்கு அடியிலேயே இருக்கிறதா அல்லது தசைக்குள் இருக்கிறதா? எங்களுக்குப் பதில் தெரியவில்லை. ஐந்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தாலோ, தசையுறைக்கு அடியில் இருந்தாலோ, வளர்ந்துகொண்டே வந்தாலோ, ஸ்கேன் பார்க்காமல் கத்தி வைக்க விடக் கூடாது என்று அவள் கண்டிப்பாகச் சொன்னாள். அவள் அன்று தொலைபேசியில் பேசாமல் இருந்திருந்தால் என்ன ஆகியிருக்கும் என்பதை நினைக்க இப்போதும் எனக்கு அச்சமாக இருக்கிறது. மரத்துப்போகும் ஊசியின் துணையோடு மட்டும் திறக்கக் கூடிய கட்டியாக அது இருக்கவில்லை. அதற்குள் ஓடிய இரத்தக் குழாய்கள் அவ்வளவு பெரியவை.

தஞ்சாவூரிலேயே எம்.ஆர்.ஐ. எடுத்தோம். கட்டி பத்து சென்டிமீட்டருக்கு மேல் இருந்தது. தசைகளுக்கு இடையில் இருந்தது. கொழுப்பு கலந்த திசுவாகத் தெரிந்தாலும் முழுக்கக் கொழுப்பாக இல்லை என்றும், லைப்போசார்கோமா என்னும் கொழுப்புத் திசுப் புற்றுநோயாக இருக்கக்கூடும் என்றும் அறிக்கையில் எழுதியிருந்தார்கள். பிறகு ஒருவர் அறிவுறுத்தலின் பேரில், புற்றுநோயைத் தேடப் பயன்படும் பெட் ஸ்கேனும் எடுத்தோம். கட்டி மட்டும் படத்தில் தீக்கங்கு போல ஒளிர்ந்தது. அதைப் பார்த்தவர்கள், இனிச் சந்தேகமே இல்லை என்ற முகத்தோடு எங்களைச் சென்னைக்கு அனுப்பினார்கள். அந்த இரண்டு வாரங்களில் எங்கள் அம்மா வைத்தீசுவரன்கோயிலுக்கு மூன்று முறை போய் வந்தார். தம்பி தன் வாடிக்கையாளர்களிடம் பாக்கிப் பணத்தை வசூலிக்கத் தொடங்கினான்.

சென்னைப் பிரிவைப் பற்றி நான் முதலில் சொல்ல விரும்புவது, அங்கே எங்கள் அறிக்கைகளை யாரும் முதலில் படிக்கவில்லை என்பது. பதிவு மேசையிலேயே அறிக்கைத் தாள்களை ஓரமாக வைத்துவிட்டு எம்.ஆர்.ஐ. படங்கள் பதிந்த சி.டி.யைக் கேட்டு வாங்கினார்கள். அறுவை நிபுணர் தம்பியைப் படுக்க வைத்து, காலைத் தூக்கித் தசையை இறுக்கச் சொல்லி, கட்டி தசையோடு அசைகிறதா, தனியே நிற்கிறதா என்று பார்த்தார். தொடை இடுக்கில் நெறி கட்டியிருக்கிறதா என்று தொட்டுப் பார்த்தார். எடை குறைந்ததா, இரவில் வலிக்கிறதா, எத்தனை ஆண்டுகளாக வளர்கிறது என்று கேட்டுக் குறித்துக்கொண்டார். பிறகு, வாரத்தில் ஒரு நாள் பிற்பகலில் அறுவை நிபுணரும் கதிரியல் மருத்துவரும் நோயியல் மருத்துவரும் ஒன்றாக அமர்ந்து ஒவ்வொருவரின் படத்தையும் பார்ப்பார்கள், அதன் பிறகே அடுத்த அடி என்று சொன்னார். அன்றே ஏதாவது செய்துவிட மாட்டார்களா என்று ஏங்கிக்கொண்டிருந்த எங்களுக்கு அது ஏமாற்றமாக இருந்தது. அந்த நிதானந்தான் அந்தப் பிரிவின் மிகப் பெரிய நிறை என்பதை இன்று தயங்காமல் சொல்வேன்.

ஐந்து நாள் கழித்து எங்களை அழைத்தபோது, கதிரியல் மருத்துவர் நாற்காலியைத் திரைக்கு அருகே இழுத்துப் போட்டு என்னை உட்கார வைத்து விளக்கினார். நான் பள்ளி ஆசிரியை என்பதைக் கேட்டறிந்து, ஒரு பாடம் நடத்துவது போல நடத்தினார் என்றே சொல்ல வேண்டும். எம்.ஆர்.ஐ.யில் ஒரு வகைப் படத்தில் கொழுப்பு வெள்ளையாகத் தெரியும். கொழுப்பின் ஒளியை அடக்கி எடுக்கும் இன்னொரு வகைப் படத்தில் அதே இடம் கறுத்துவிடும். சாதாரணக் கொழுப்புக்கட்டி தோலுக்கு அடியிலுள்ள கொழுப்பைப் போலவே வெளுத்து, அதைப் போலவே கறுக்கும். தம்பியின் கட்டி தோலடிக் கொழுப்பைவிடச் சற்று மங்கலாக வெளுத்திருந்தது. அடக்கி எடுத்த படத்திலும் முழுவதும் கறுக்கவில்லை. அதற்குள் வேகமாக இரத்தம் ஓடும் தடித்த குழாய்கள் கறுப்புக் கோடுகளாக வளைந்து வளைந்து தெரிந்தன. இந்த மூன்றும் சேர்ந்தால் லைப்போசார்கோமாவை நினைக்கத்தான் வேண்டும், ஆனால் அதோடு ஹைபர்னோமா என்ற ஒன்றையும் நினைக்க வேண்டும் என்றார்.

அந்தப் பெயரை நாங்கள் அதற்கு முன் கேட்டதே இல்லை. நம் உடலில் இருக்கும் கொழுப்பில் பெரும்பகுதி ஆற்றலைச் சேமித்து வைக்கும் வெள்ளைக் கொழுப்பு. ஆற்றலை எரித்துச் சூடாக்கும் பழுப்புக் கொழுப்பு என்று இன்னொன்று இருக்கிறது. பச்சிளங் குழந்தைகளுக்குத் தோள்பட்டை எலும்புகளுக்கு இடையிலும் கழுத்திலும் அது மிகுதியாக இருந்து குளிரிலிருந்து காக்கிறது, பெரியவர்களிடம் குறைந்துவிடுகிறது. அதன் செல்களில் மைட்டோகாண்டிரியாக்கள் நெருங்கிக் கிடக்கின்றன. அவற்றிலுள்ள இரும்புச் சத்துள்ள புரதங்களே அந்தப் பழுப்பு நிறத்துக்கு முக்கியக் காரணம். பழுப்புக் கொழுப்புச் செல்களிலிருந்து தோன்றும் தீங்கற்ற கட்டிதான் ஹைபர்னோமா. 1906-இல் மெர்க்கெல் என்பவர் இத்தகைய கட்டியை முதலில் விவரித்தார். குளிர்காலம் முழுவதும் உறங்கும் விலங்குகளின் பழுப்புக் கொழுப்பை ஒத்திருப்பதால் 1914-இல் ஜெரி என்பவர் இந்தப் பெயரை வைத்தார். பழுப்புக் கொழுப்பு சர்க்கரையை விரைந்து எரிப்பது. பெட் ஸ்கேனுக்கு முன் ஊசியில் ஏற்றுவதும் கதிரியக்கம் சேர்த்த ஒரு வகைச் சர்க்கரையே. ஆகவே புற்றுநோய் ஒளிர்வது போலவே, ஒரு தீங்கும் செய்யாத ஹைபர்னோமாவும் ஒளிரும். எங்களைக் கதிகலங்க வைத்த படம், இந்தக் கட்டியைப் பொறுத்தவரை எதையும் நிரூபிக்காத படம் என்று அன்றுதான் அறிந்தோம். கட்டியின் மேல் தோல் சூடாக இருந்ததைத் தம்பி சொன்னபோது, இரத்த ஓட்டம் மிகுதியாக இருப்பதால் அப்படி இருக்கும் என்று அவர் தலையசைத்தார்.

ஆனால் அவர்கள் படத்தை நம்பி ஆறுதல் சொல்லி அனுப்பவும் இல்லை. தடித்த ஊசியால் திசு எடுத்துப் பார்க்கும் பயாப்சியைச் செய்தே தீர வேண்டும் என்றார்கள். ஊரில் எடுத்த மெல்லிய ஊசி டெஸ்ட் இங்கே பயன்படாது. அதில் வருவது சிதறிய சில செல்கள் மட்டுமே, திசுவின் அமைப்பு தெரியாது. பயாப்சிக்கு முன் அறுவை நிபுணரே வந்து, பின்னால் தான் எந்தக் கோட்டில் கீற வேண்டியிருக்குமோ அந்தக் கோட்டைத் தொடையில் மையால் வரைந்தார். ஊசி அந்தக் கோட்டின் வழியாகத்தான் போக வேண்டும். ஒருவேளை புற்றுநோயாக இருந்தால் ஊசி சென்ற தடத்தையும் சேர்த்து எடுத்துவிடலாம் என்பது அதன் பொருள். இவ்வளவு சிறிய ஒரு செயலில் இவ்வளவு முன்யோசனை இருப்பதைக் கண்டு நான் நெகிழ்ந்துபோனேன். அல்ட்ராசவுண்டில் இரத்தக் குழாய்களைப் பார்த்து விலக்கி நான்கு துண்டுகள் எடுத்தார்கள். இந்த வகைக் கட்டியில் இரத்தக் கசிவு வரலாம் என்று முன்பே எச்சரித்து, இருபது நிமிடம் அழுத்திப் பிடித்து, மாலை வரை படுக்கையிலேயே வைத்திருந்து அனுப்பினார்கள்.

நுண்ணோக்கியில், நுரை போல நிறையக் குமிழிகள் கொண்ட, நடுவில் உட்கருவுள்ள, துகள் துகளான செல்கள் தெரிந்தன. அது ஹைபர்னோமாவுக்குப் பொருந்தியது. இருந்தாலும் நன்கு முதிர்ந்த லைப்போசார்கோமா சில சமயம் சாதாரணக் கொழுப்பைப் போலவே தோற்றம் காட்டும் என்பதால், எம்.டி.எம்.2 என்ற மரபணுவைப் பார்க்கும் ஃபிஷ் சோதனையையும் செய்தார்கள். பன்னிரண்டாம் குரோமோசோமில் உள்ள அந்த மரபணு, அவ்வகை லைப்போசார்கோமாவில் பல மடங்கு பெருகியிருக்கும், ஹைபர்னோமாவில் பெருகியிருக்காது. தம்பியின் திசுவில் அது பெருகவில்லை. முடிவு வந்த அன்று அம்மாவுக்கு எப்படிச் சொல்வது என்று தெரியாமல், “கட்டி கட்டிதான், நோய் இல்லை” என்று மட்டும் தொலைபேசியில் சொன்னேன். அதைவிடச் சரியாக இன்று வரை எனக்குச் சொல்ல வரவில்லை.

இந்த இடத்தில்தான் முதல் குறையையும் சொல்ல வேண்டும். ஃபிஷ் சோதனைக்குத் தனியாக 11,000 ரூபாய் ஆகும் என்பதைப் பயாப்சி எடுத்த அன்று யாரும் சொல்லவில்லை. ஆறு நாள் கழித்துத் தொலைபேசியில் அழைத்து, பணம் கட்டினால்தான் சோதனை தொடங்கும் என்றார்கள். நாங்கள் தஞ்சாவூரில் இருந்தோம். பணத்தை இணையத்தில் செலுத்த வழி இல்லை என்று கூறியதால், சென்னையில் இருக்கும் உறவினர் ஒருவர் வேலைக்கு விடுப்பு எடுத்துக்கொண்டு போய்க் கட்ட வேண்டியிருந்தது. சந்தேகத்தோடு கழிந்த நாட்களில் நான்கு நாள் அதனால் கூடிப்போனது. மருத்துவர்கள் அவ்வளவு விரிவாக விளக்கும் ஓர் இடத்தில், செலவைப் பற்றிய விளக்கம் மட்டும் துண்டு துண்டாகக் கிடைப்பது நியாயம் இல்லை. நோயியல் அறிக்கையையும் வெறும் உறையில் வைத்து மேசையில் கொடுத்துவிட்டார்கள். மருத்துவரைச் சந்திக்க மூன்று மணி நேரம் இருந்தது. அந்த மூன்று மணி நேரமும் தம்பி அந்த ஆங்கிலத் தாளில் ‘கட்டி’ என்பதைக் குறிக்கும் சொல்லையே திரும்பத் திரும்பப் பார்த்துக்கொண்டிருந்தான். புரியாத மொழியில் இருக்கும் முடிவைப் புரிய வைக்க ஆள் இல்லாத நேரத்தில் நோயாளியின் கையில் கொடுக்கக் கூடாது. இதை அவர்களுடைய கருத்துப் படிவத்திலும் எழுதிப் போட்டேன்.

தீங்கற்றது என்றால் அப்படியே விட்டுவிடலாமா என்று நான் கேட்டேன். ஹைபர்னோமா புற்றுநோயாக மாறுவதில்லை, ஆனால் வளரும், நரம்பையும் தசையையும் அழுத்தும், ஊசியில் எடுத்த நான்கு துண்டுகள் முழுக் கட்டியையும் சொல்லிவிடாது, ஆகவே முழுமையாக எடுத்து முழுவதையும் சோதிப்பதே முறை என்று விளக்கினார்கள். அமெரிக்க இராணுவ நோயியல் நிறுவனம் 170 ஹைபர்னோமாக்களை ஆராய்ந்து 2001-இல் வெளியிட்ட கட்டுரையைப் பற்றி அறுவை நிபுணர் சொன்னார்: அவர்களின் சராசரி வயது 38, மிகுதியாகக் காணப்பட்ட இடம் தொடை, தொடர்ந்து கவனிக்க முடிந்த 66 பேரில் ஒருவருக்குக்கூடக் கட்டி மீண்டும் வரவில்லை. தம்பியின் வயதையும் அவன் கட்டி இருந்த இடத்தையும் அந்த எண்களோடு ஒப்பிட்டுப் பார்த்தபோதுதான், இது எங்கள் வீட்டுக்கு மட்டும் வந்த விதி என்ற எண்ணம் என்னை விட்டு அகன்றது.

அறுவை ஐப்பசியில் நடந்தது. முதுகுத்தண்டில் ஊசி போட்டுத்தான் செய்தார்கள். கட்டிக்கு இரத்தம் கொண்டுவரும் குழாய்களை முதலில் கண்டுபிடித்துக் கட்டி நிறுத்திவிட்டு, பிறகுதான் கட்டியைச் சுற்றிலும் பிரித்தெடுத்தார்கள். இரண்டரை மணி நேரம் ஆயிற்று. இரண்டு யூனிட் இரத்தம் தயாராக வைத்திருந்தும் ஏற்றத் தேவைப்படவில்லை. வெளியே வந்து எனக்குப் படத்தைக் காட்டினார்கள்: மெல்லிய உறைக்குள், இளங் கருப்பட்டி நிறத்தில், மேலெல்லாம் நாளங்கள் படர்ந்த ஒரு முழுத் திரட்சி. பத்தரை சென்டிமீட்டர் நீளமும் ஏறக்குறைய 200 கிராம் எடையும் இருந்தது. சாதாரணக் கொழுப்புக்கட்டியின் வெண்ணெய் மஞ்சளை ஏற்கெனவே என் மாமியாருக்குப் பார்த்திருக்கிறேன். இது வேறு பொருள் என்பது எனக்கே தெரிந்தது. காயத்தில் சேரும் நீர் வடியத் தொடையில் வைத்த குழாயோடு தம்பி மூன்று நாள் இருந்தான். வடியும் நீர் ஒரு நாளில் 30 மில்லிக்குக் கீழே வந்ததும் குழாயை எடுத்து, நான்காம் நாள் வீட்டுக்கு அனுப்பினார்கள். தொடையின் முன்புறத்தில் உள்ளங்கையளவு இடம் மரத்துப்போகலாம் என்று ஒப்புதல் படிவத்தில் கையெழுத்து வாங்கும்போதே தமிழில் படித்துக் காட்டியிருந்தார்கள். அவ்வாறே மரத்தது, இப்போது பாதியாகக் குறைந்திருக்கிறது.

பிசியோதெரபி பிரிவையும் தனியாகப் பாராட்ட வேண்டும். ஏணியில் ஏறுவது தம்பியின் பிழைப்பு என்பதைக் கேட்டறிந்த பெண்மணி, ஒரு மரப்படியை வைத்து, எந்தக் காலை முதலில் வைக்க வேண்டும், எத்தனை வாரம் கழித்து எத்தனை படி ஏறலாம் என்று எழுதியே கொடுத்தார். ஆறு வாரத்துக்கு ஏணி கூடாது என்றார். அவன் ஏழாம் வாரத்தில்தான் ஏறினான்.

காத்திருப்புக் கூடத்தில் நாங்கள் பலமுறை சந்தித்த ஓர் இளந்தம்பதியைப் பற்றியும் எழுதாமல் இருக்க முடியவில்லை. அவர்களின் இரண்டு வயதுக் குழந்தைக்கு முதுகில் கட்டி. லைப்போபிளாஸ்டோமா என்று சொல்லியிருந்தார்கள். அதுவும் கொழுப்புத் திசுவின் தீங்கற்ற அரிய கட்டிதான், ஆனால் பெரும்பாலும் மூன்று வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு வருவது, விரைவாக வளருவது. முழுவதும் எடுக்காவிட்டால் மீண்டும் வளரக் கூடியது. ஹைபர்னோமாவுக்கு அறுவைக்குப் பின் நிம்மதியாக இருக்கலாம் என்றால், அந்தக் குழந்தையைச் சில ஆண்டுகளுக்குத் தொடர்ந்து அழைத்து வந்து காட்ட வேண்டும். கொழுப்புக்கட்டி என்ற ஒரே சொல்லுக்குள் இத்தனை வேறுபாடு இருப்பதை அந்தக் கூடத்தில்தான் கற்றேன். அத்தகைய கூடத்தில், குழந்தைகளோடு வருபவர்களுக்குத் தனியிடமோ, பால் கொடுக்க ஒரு மறைவான மூலையோ இல்லை. நாற்பது நாற்காலிகளுக்கு நூறு பேர் காத்திருந்தோம். இவ்வளவு பெரிய மருத்துவமனையால் இதைச் சரிசெய்ய முடியாது என்று நான் நம்பவில்லை.

காப்பீட்டு மேசையின் பணியும் திருப்தியாக இல்லை. கொழுப்புக்கட்டி அகற்றம் என்று மட்டும் எழுதி அனுப்பியதால், இது அழகுக்காகச் செய்யும் அறுவையா என்று காப்பீட்டு நிறுவனம் கேள்வி எழுப்பியது. எம்.ஆர்.ஐ. அறிக்கையையும் தசைகளுக்கு இடையில் உள்ள கட்டி என்ற மருத்துவரின் கடிதத்தையும் நாங்களே கேட்டு வாங்கி இணைத்த பிறகே ஒப்புதல் வந்தது. இந்தக் கடிதத்தை முதல் நாளே கேட்டு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது. அதைப் போலவே ஸ்லைடுகளையும் மெழுகில் பதித்த திசுத் துண்டுகளையும் எழுத்து மூலம் கேட்டால் தருகிறார்கள்; அரிய கட்டி என்றால் வேலூர் கிறித்தவ மருத்துவக் கல்லூரி, மும்பை டாடா நினைவு மருத்துவமனை போன்ற இடங்களில் அவற்றைக் காட்டி மறு கருத்துக் கேட்கும் வழி இருக்கிறது. எங்களுக்கு அது தேவைப்படவில்லை என்றாலும் வாங்கி வைத்திருக்கிறோம்.

மருத்துவத்துக்கும் விளக்கத்துக்கும் முழு மதிப்பெண் தருவேன். பணம் கட்டும் ஏற்பாட்டுக்கும் காத்திருப்புக் கூடத்துக்கும் பாதிக்கு மேல் தர மனம் வரவில்லை. ஆனாலும் இன்னொருவருக்கு இதே நிலை வந்தால் அந்த இடத்துக்கே அனுப்புவேன். எடுத்த கட்டி முழுவதையும் சோதித்து, ஹைபர்னோமாதான், ஓரங்களில் மிச்சமில்லை என்று இறுதி அறிக்கை கொடுத்தார்கள். அடுத்த வருகை ஓராண்டு கழித்து, அதற்கு எம்.ஆர்.ஐ. வேண்டாம், பெட் ஸ்கேன் அறவே வேண்டாம், கையால் தொட்டுப் பார்த்தால் போதும் என்று சீட்டில் தமிழில் எழுதிக் கொடுத்திருக்கிறார்கள்.